இரண்டாவது பொட்டலம்

கம்பெனி விஎஸ்எஸ் அறிவித்த அன்று கேண்டீனில் பாதிப் பேர் அழுதார்கள். நான் கறி மீ நூடுல்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்த பார்வையில், இவள் நெஞ்சில் என்ன கல்லா இருக்கிறது என்ற கேள்வி இருந்தது. கல் இருந்தால்கூடப் பரவாயில்லை, கனமாவது தெரியும். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

என் பெயர் நவமணி. வயது நாற்பத்தெட்டு. கூலிமில் ஒரு கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷமாக மைக்ரோஸ்கோப் பார்க்கிறேன். கீறல், கறை, விரிசல் ஏதாவது இருந்தால் ரிஜெக்ட். இல்லையென்றால் பாஸ். ஒரு சிப்புக்கு மூன்று வினாடி. கண் லென்ஸில் இருக்கும். கை தன்பாட்டுக்கு ட்ரேயிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கும். குனிந்து கையைப் பார்க்கிறவள் வேலைக்குப் புதுசு. இத்தனை வருஷத்தில் என் கையைத் தாண்டி வெளியே போன தப்பு மூன்றே மூன்று. அதற்காகப் போன வருஷம் ஒரு வெற்றிக் கோப்பை கொடுத்தார்கள். வீட்டில் அதில் சீப்பு செருகி வைத்திருக்கிறோம்.

உள்ளே போகும்போது தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. பவுடர் கூடாது, பூ கூடாது, பொட்டும் கூடாது. தூசு விழுமாம். தினமும் லாக்கர் கதவின் உள்பக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது அதை எடுத்து நெற்றியில் வைக்கச் சில நாள் மறந்துவிடும். இப்போது அந்தக் கதவு முழுக்க வரிசை வரிசையாகப் பொட்டு. ஒருநாள் எண்ணலாம் என்று ஆரம்பித்து, நாற்பதில் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

விஎஸ்எஸ் என்பது விருப்பப்பட்டவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போகும் திட்டம். விருப்பப்படாதவர்கள் இருக்கலாம், ஆனால் இருந்த இடத்தில் அல்ல. என் வேலையைச் செய்ய ஒரு மெஷின் வந்துவிட்டது. புதுக் கட்டடத்தில், அந்த மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதுவும் மறுபடி நைட் சிஃப்டில். போகிறவர்கள் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். பாரத்தின் அடியில் காரணம் என்று போட்டு நான்கு பெட்டிகள் இருந்தன: உடல்நலம், குடும்பம், மேற்படிப்பு, சொந்த விருப்பம். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். ஒரு வாரமாக அந்தப் பாரம் என் கைப்பையில் மடித்தபடி கிடந்தது.

போவதற்கு எனக்கு ஓர் இடமும் இருந்தது. அதுதான் தொல்லை. இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு புதுக் கட்டடத்துக்குப் போயிருப்பேன்.

ஷீலா என்னோடு எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். நர்ஸ். இப்போது ஜித்ராவில் பன்னிரண்டு படுக்கைகள் உள்ள ஒரு டயாலிசிஸ் மையத்தைப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது பார்க்க வந்த ஷீலா, பக்கத்துக் கட்டில் நோயாளியின் கையில் பிய்ந்திருந்த பிளாஸ்திரியை நான் எடுத்து ஒழுங்காக ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒன் கை ஆடவே மாட்டேங்குதேடி" என்றாள்.

அன்று பிடித்தவள் விடவில்லை. ஆறு மாத டயாலிசிஸ் பயிற்சி, பிறகு அவள் மையத்திலேயே வேலை, மையத்து மாடியில் ஒரு ரூம். வாரத்தில் ஐந்து நாள் ஜித்ராவில், இரண்டு நாள் வீட்டில். "நாப்பத்தெட்டு வயசுல படிப்பாடி?" என்று கேட்டேன். "நாப்பத்தெட்டு வயசுல நைட் சிஃப்டு செய்யலாம், படிக்கக் கூடாதா?" என்று திருப்பிக் கேட்டாள். அவள் வாய்க்கு நான் எந்தக் காலத்திலும் ஈடு கொடுத்ததில்லை.

போன மாதம் வேலை இல்லாத ஓப் நாளில் அங்கே போய்ப் பார்த்தேன். மருதம்மாள் என்று ஒருவர் மெஷினுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்த இடது கை, முழங்கைப் பக்கம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. "இங்க கைய வச்சிப் பாரு" என்று ஷீலா என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். ஓடிக்கொண்டிருக்கும் பிரிட்ஜின் மேல் கை வைத்ததுபோல, தோலுக்கு அடியில் ஓர் அதிர்வு. பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டேன்.

மருதம்மாள் சிரித்தார். "ரத்தம் ஓடுற சத்தம்மா அது. தெனம் காலைல எந்திரிச்சதும் மொதல்ல இதத்தான் தொட்டுப் பாப்பேன். இருக்கா, இருக்கு, சரி கோப்பி கலக்கலாம்னு அடுப்படிக்குப் போவேன்."

மறுபடி கையை வைத்தேன். அவராக எடுக்கச் சொல்லும்வரை எடுக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது சுங்கை பட்டாணி வரைக்கும் அது என் உள்ளங்கையில் இருந்தது. அதற்குப் பேர் ஆசையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆசைப்பட்டால் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

என் வீட்டுக்காரர் காளிதாசன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். வயது ஐம்பத்து மூன்று. ஒரே மகன் ஜொகூரில் வேலையாக இருக்கிறான். ஸ்டென்ட் வைத்தது என் கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டில்தான். இன்றைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பினாங்கில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய், அதே டாக்டரிடம் காட்டி, அந்தக் கார்டை நீட்டிவிட்டு வருகிறார். நான் வேலையை விட்டால் கார்டு போய்விடும். இதை அவர் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. எப்போது கேட்டாலும் "ஒன் இஷ்டம்லா மணி" என்பார். சொல்லும்போது முகத்தைப் பார்த்தால், அந்தக் கார்டுக்குக் கருமாதி செய்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். போகாதே என்று சொன்னால் சண்டை போடலாம். போ என்று சொன்னால் போகலாம். என் இஷ்டம் என்றால் நான் எங்கே போய்த் தேடுவது?

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது அவரே ஒரு வழி சொன்னார்.

"கோயில்ல பூ போட்டுப் பாத்துருவோமா? அம்மா சொல்றபடி செஞ்சிட்டுப் போவோம்."

அவருக்கு எல்லாவற்றுக்கும் பூப்போட வேண்டும். எங்கள் கல்யாணத்துக்குப் பூப்போட்டார்கள். ஓட்டிக்கொண்டிருந்த பழைய காடியை விற்கும்போது பூப்போட்டார். ஸ்டென்ட் வைக்கலாமா என்று டாக்டர் கேட்டபோது, இருங்கள், பூப்போட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று இவர் சொல்ல, டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சரி" என்றேன். மறுப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

புதனும் வியாழனும் எனக்கு ஓப். புதன் சாயந்திரம் ஆறு மணிபோலப் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி பரஞ்சோதி அண்ணனுக்குப் பகலில் டயர் கடையில் வேலை. அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். வெள்ளை வந்தால் ஜித்ரா, சிவப்பு வந்தால் கூலிம்.

"கேக்குறவங்க பொட்டலம் கட்டக் கூடாது, அதான் மொற" என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் கறுப்புக் கிரீஸ். "இதோட தொட்டா எந்தப் பொட்டலம் எதுன்னு அம்மாவுக்குத் தெரியுமோ இல்லையோ, எல்லாருக்கும் தெரிஞ்சிரும். நீயே கட்டிரு தங்கச்சி. நான் போயி நல்லா தேய்ச்சிக் குளிச்சிட்டு வரேன். எடுக்குறத ஒன் வீட்டுக்காரரு எடுக்கட்டும்."

சந்நிதி ஓரத்துத் தட்டில் வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் கிடந்தன. பழைய தினசரி நாட்காட்டித் தாள்கள் ஒரு கட்டு, நூல்கண்டு ஒன்று. என் வீட்டுக்காரர் எதிரே தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நான் அம்மனைப் பார்த்துக்கொண்டே ஒரு பூவை எடுத்து மடித்து நூல் சுற்றினேன். இன்னொன்றை எடுத்து மடித்து நூல் சுற்றினேன். ஏதாவது வேண்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மன் புதுசாகப் பெயின்ட் அடித்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். நான் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. பொட்டலங்கள் மட்டும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவாக வந்திருந்தன.

பரஞ்சோதி அண்ணன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து சூடம் காட்டினார். பொட்டலங்களை வாங்கிக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயமும் வரவில்லை. நான் அவரைத்தான் பார்த்தேன். அவர் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையில் கொடுத்தார். "அம்மா சொல்லிட்டா. அப்பறம் என்னா? போயிட்டு வா" என்றார். அவர் குரல் சாதாரணமாக இருந்தது. வலிய வரவழைத்த சாதாரணம்.

மீதிப் பொட்டலம் காலடியில் கிடந்தது. மிதிபடக் கூடாதே என்று அதை எடுத்து, திருநீற்றுப் பொட்டலத்தோடு கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மீன் பொரித்தேன். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார். நியூஸ் பார்த்தார். ஷீலாவுக்கு வருகிறேன் என்று மெசேஜ் போட்டேன். அவள் பத்து இதயம் அனுப்பினாள்.

வியாழக்கிழமை அவர் லாரி எடுக்கவில்லை. காலையிலேயே எங்கேயோ போனவர், பதினொரு மணிக்கு வந்து ஒரு மஞ்சள் அட்டையை மேஜைமேல் வைத்தார். அரசாங்க கிளினிக்கில் பேர் பதிந்துவிட்டு வந்திருக்கிறார்.

"நாலு மாசம் கழிச்சித் தேதி குடுத்துருக்காங்க. நல்லாத்தான் பேசுனாங்க. ஒன்னும் சூசா இல்ல, சுலபமாத்தான் இருந்திச்சி."

அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். பேர், ஐசி நம்பர், தேதி. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் போல அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.  ஓரம் மடங்காமல் மேஜை நடுவில் தள்ளி வைத்தேன்.

நான்கு மணிக்கு அவரே காடியில் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஹெச்ஆர் கட்டடத்துக்கு எதிரே மரநிழலில் நிறுத்தினார். ஏர்கான் ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்கவில்லை. உள்ளே போவதற்கு முன் பாரத்தைப் பூர்த்தி செய்துவிடலாம் என்று பேனா தேடிக் கைப்பையைத் துழாவினேன். கையில் நேற்றைய பொட்டலம் தட்டுப்பட்டது. நசுங்கி, நூல் தளர்ந்திருந்தது. சிவப்பு அரளியைக் காயவிடாமல் எங்காவது செடி அடியில் போடலாம் என்று பிரித்தேன்.

உள்ளே வெள்ளை அரளி.

 மூன்று வினாடியில் ரிஜெக்ட் போடுகிறவளுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆனது. இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டியிருக்கிறேன். கண் அம்மன்மேல் இருந்திருக்கிறது, கை தன்பாட்டுக்குத் தட்டிலிருந்து எடுத்திருக்கிறது. வேலையில் இருபத்தைந்து வருஷம் பழகிய பழக்கத்தைக் கோயிலிலும் காட்டிவிட்டேன். அம்மன் ஒன்றுமே சொல்லவில்லை. அதை நம்பி இந்த மனுஷன் கிளினிக்கில் வரிசையில் நின்று அட்டை வாங்கி வந்திருக்கிறார்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பூவை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு உள்ளே போனால் முடிந்தது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் உறை கண்ணுக்குள்ளேயே நின்றது.

"என்னங்க, இங்க பாருங்க" என்று பூவை நீட்டினேன். "ரெண்டுலயும் வெள்ளைதான். நான் தப்பா கட்டிட்டேன்."

அவர் பூவைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டு எதிரே பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"எதுக்கத்தான உக்காந்திருந்தேன்? நீ ரெண்டு தடவையும் வெள்ளைய எடுத்தத பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் வாயத் தொறக்கல?"

 காவலாளி ஒருவன் காடியின் நம்பரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"நீ வேணும்னே செய்றேன்னு நெனச்சேன் மணி. கட்டிக்கிட்டு வந்து இருவத்தாறு வருசமாச்சி. கடைக்கிப் போனாக்கூட எனக்கும் பயலுக்கும் எடுத்துட்டு, ஒனக்கு அப்பறம் பாக்கலாம்னு வந்துருவ. ஒரு தடவகூட எதையும் ஏமாத்தி எடுத்துக்கிட்டதில்ல. சரி, இந்த ஒன்ன எடுத்துக்கட்டும், நாம கெடுக்க வேணாம்னு கண்ண மூடிக்கிட்டேன்."

எனக்கு அப்போதுதான் வலித்தது. நெஞ்சுக்குள், இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்டலாம் போல. எத்தனை மாதமாக, எத்தனை வருஷமாக அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கைப்பையில் டிஷ்யூ இல்லை, முந்தானையும் இல்லை. போட்டிருந்தது பஞ்சாபி உடுப்பு. ஷாலில் துடைத்தேன்.

"வேணும்னு செய்யல" என்றேன். "சத்தியமா கை தவறிப்போச்சு."

"அப்ப அம்மாவும் சொல்லல, நீயும் சொல்லல."

"ம்."

"மணி நாலே முக்காலாச்சி. திரும்பப் போயிப் பூப்போட நேரமில்ல." என் பக்கம் திரும்பினார். "அம்மாவ விடு. ஒங்கிட்ட கேக்குறேன். போணுமா, வேணாமா?"

"ஒங்களுக்கு கார்டு போயிருமே."

"எனக்கு பயமாத்தான் இருக்கு. ராத்திரி நெஞ்சுல லேசா குத்துனாலும் அந்த டாக்டரு மூஞ்சிதான் ஞாபகம் வருது. அது என் பயம், நான் பாத்துக்குறேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

இந்த மனுஷன் இரண்டு வருஷமாக வாயைத் திறந்து பயம் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. சொன்னதும் எனக்கு என்னவோ இலேசாக இருந்தது. மருதம்மாளின் கையைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். பிரிட்ஜ் மாதிரி ஓடியது, காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கோப்பி கலக்கப் போவாராம் என்று ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே குழறிவிட்டது.

"போணும்" என்றேன்.

என் குரல்தானா என்று இருந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். "எனக்குப் போணும்."

அவர் இன்ஜினை அணைத்தார். "அப்ப எறங்கு. அஞ்சாச்சின்னா பூட்டிருவாங்க."

ஹெச்ஆர் ரூமில் ஈமான் மட்டும்தான் இருந்தாள். டவுனில் ரொட்டிச்சானாய்க் கடை வைத்திருக்கும் அப்துல் சமது பாயின் மகள். போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தாள்.

"என்னா அண்டி, லாஸ்ட் மினிட்ல வரீங்க? நீங்க போமாட்டீங்கன்னு நெனச்சேன்லா."

"நானும் அப்டித்தான் நெனச்சேன்" என்றேன்.

பேர் எழுதினேன். வேலைக்குச் சேர்ந்த தேதி எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கடைசியில் அந்த நான்கு பெட்டிகள். ஒரு வாரமாக, டிக் போடுவதென்றால் குடும்பத்தில்தான் என்று நினைத்து வைத்திருந்தேன். கேட்பவர்களுக்குச் சொல்ல வசதியானது அது. பேனாவை நான்காவது பெட்டிக்குக் கொண்டுபோனேன். கை நடுங்கியது. ஷீலா பார்த்தால் பயிற்சிக்கே எடுத்திருக்க மாட்டாள். இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு டிக் போட்டேன். கோடு பெட்டியைத் தாண்டி, ஓரத்து எழுத்துகளையும் கீறிக்கொண்டு போய் நின்றது.

ஈமான் எட்டிப் பார்த்தாள். "அண்டி, கோடு வெளிய ஓடிருச்சி. வேற ஃபாரம் தரவா? இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு."

நானும் குனிந்து பார்த்தேன். லென்ஸுக்கு அடியில் வந்திருந்தால் இது ரிஜெக்ட்தான், சந்தேகமே இல்லை.

"வேணாம்மா" என்றேன். "பாஸ் போட்டுரு."